பின்காற்றில் திரும்பும்போது விமானம் ஏன் விழுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய ரிமோட் விமானங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பேட்டரியைப் பராமரிப்பது பற்றிய பகுதி நன்றாக இருந்தது. ஆனால் காற்றடிக்கும் நாட்களைப் பற்றிய பத்தியில் ஒரு தவறு இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் அதை நம்பினால் விமானத்தை உடைத்துக்கொள்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எதிர்காற்றில் போகும் விமானம் திரும்பிக் காற்றோடு போகும்போது, காற்று பின்னாலிருந்து அடிப்பதால் இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விழுகிறது என்று கட்டுரை சொல்கிறது. அந்தத் திருப்பத்தில் நிறைய விமானங்கள் விழுவது உண்மை. காரணம் வேறு.

ஓடும் பேருந்துக்குள் ஓர் ஈ பறக்கிறது. முன்பக்கம் போனாலும் பின்பக்கம் திரும்பினாலும் அது ஒரே மாதிரிதான் பறக்கும். பேருந்து ஓடுவது அதற்குத் தெரியாது. விமானமும் அப்படித்தான். சீராக வீசும் காற்று முழுவதும் ஒரே பேருந்து. இறக்கைக்குத் தன்னைச் சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பது மட்டும்தான் கணக்கு. தரையோ தரையில் நிற்கும் நாமோ அதன் கணக்கில் இல்லை.

ஆனால் நாம் தரையில்தானே நிற்கிறோம்! நம் கண் பார்ப்பது தரை வேகத்தை. என் விமானத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஃபோமில் செய்தது, எடை 90 கிராம், இறக்கை நீளம் 60 செ.மீ. சாதாரணமாக மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பறக்கும். காற்று 20 கி.மீ. வேகத்தில் வீசினால், எதிர்காற்றில் அது என் கண்ணுக்கு 10 கி.மீ. வேகத்தில் ஊர்கிற மாதிரி தெரியும். திரும்பியதும் 50 கி.மீ. வேகத்தில் பாயும். இரண்டு முறையும் இறக்கைக்கு அதே 30தான். பார்க்கிறவர் என்ன செய்வார்? 'ஐயோ, வேகம் அதிகமாகிவிட்டது' என்று மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைப்பார், மூக்கைத் தூக்க வாலில் உள்ள எலிவேட்டரை இழுப்பார். இறக்கையின் உண்மையான வேகம் அங்கேதான் சரிகிறது. ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, ஒரு பக்க இறக்கை மடங்கின மாதிரி சாய்ந்து, தலைகுப்புற விழுகிறது. நான் உடைத்தவற்றில் பாதி இப்படித்தான் உடைந்தது. காற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டுரையை நம்பி 'பின்காற்று வந்துவிட்டது, விழப்போகிறது' என்று பயப்படும் புதியவரும் உடனே எலிவேட்டரைத்தான் இழுப்பார். எந்தத் தவறைத் தவிர்க்க வேண்டுமோ அதையே செய்வார். திரும்பும்போது த்ராட்டிலைத் தொடாமல், மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, இறக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். போதும்.

கட்டுரையில் இல்லாத இன்னொரு விஷயம், திரும்பி வருவது. மேலே சொன்ன அதே காற்றில் விமானம் 200 மீட்டர் தள்ளிப்போக சுமார் 14 விநாடி ஆகும். அதே 200 மீட்டர் திரும்பி வர 72 விநாடி. காற்று 30ஐத் தொட்டுவிட்டால் வரவே வராது. ஒரு மாலை எனக்கு அதுதான் நடந்தது. காற்று வலுத்தது தெரியாமல் விமானத்தைக் காற்று போகும் பக்கமாகத் தூரம் விட்டுவிட்டேன். முழு த்ராட்டில் கொடுத்தேன். மூக்கு என்னைப் பார்த்தபடியே இருக்கிறது, மோட்டார் சத்தம் கேட்கிறது, விமானமோ மெல்ல மெல்லப் பின்னால் போகிறது. பதற்றத்தில் மேலே ஏற்றினேன். மேலே காற்று இன்னும் வேகம். ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அப்புறம் புள்ளியும் போய்விட்டது. அன்று மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, பத்து மீட்டர் உயரத்துக்கு இறக்கியிருந்தால் வந்திருக்கும். தரையை ஒட்டிய காற்று, புல்லிலும் புதரிலும் உராய்ந்து வேகம் குறைந்திருக்கும். காற்று வரும் பக்கமாகவே விமானத்தை வைத்துப் பறக்க வேண்டும் என்ற பழைய பாடம் அன்றுதான் மண்டையில் ஏறியது.

அதே உராய்வுதான் இறங்கும்போது எதிரியாகிறது. எதிர்காற்றில் இறங்குகிறோம், கடைசி இரண்டு மூன்று மீட்டரில் எதிர்காற்று சட்டென்று குறைகிறது, அதோடு இறக்கையின் வேகமும் குறைகிறது. விமானம் தொப்பென்று விழும். அதனால் காற்றுள்ள நாளில் கொஞ்சம் த்ராட்டிலோடுதான் இறங்க வேண்டும். மரங்களுக்குப் பின்னால் இறங்கவே கூடாது. மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம்கூட அங்கே காற்று சுழன்றுகொண்டிருக்கும்.

'காற்றில்லாத நாளில் மட்டும் பறக்க விடுங்கள்' என்ற அறிவுரையையும் நான் முழுதாக ஏற்கவில்லை. முதல் பத்துப் பதினைந்து முறைக்கு அது சரி. அப்புறம் இலைகளும் சிறு குச்சிகளும் விடாமல் ஆடும் காற்றில் பழகத்தான் வேண்டும். காற்றின் வேகத்தைத் தரம் பிரிக்கும் போஃபர்ட் அளவில் அது மூன்றாம் நிலை, மணிக்கு 12 முதல் 19 கி.மீ. தூசியும் காகிதமும் பறந்தால் நான்காம் நிலை, 20 முதல் 28 கி.மீ. என் விமானம் போன்ற எடையில்லாதவற்றை அப்போது பெட்டியிலேயே வைத்துவிடலாம். சாய்வைத் தானாகச் சரிசெய்யும் கைரோ என்ற கருவி இருந்தால் குலுக்கல் குறையும், ஆனால் காற்று அடித்துக்கொண்டு போவதை அது தடுக்காது. சிலர் ஈயத்துண்டு ஒட்டி எடை கூட்டுவார்கள். 90 கிராமை 130 ஆக்கினால் பறக்கும் வேகம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். இறங்கும் வேகமும் அதே அளவு கூடும் என்பதை மறக்கக் கூடாது. ஒட்டும்போது விமானத்தின் சமநிலைப் புள்ளி பின்னால் நகரக் கூடாது.

அந்தப் பின்காற்றுப் பத்தியை மட்டும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். விடுமுறை தொடங்கப் போகிறது. பரிசாகக் கிடைத்த முதல் விமானத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் போவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்