பீப்பாய் வாங்கும் முன், சேதுவுக்கு

அன்புள்ள சேது,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டி வலி தேவலையா?

ஜமைக்கா ப்ளூ மவுண்டன் காபிக் கொட்டையை உன் காபிக் கடையில் இறக்கப் போகிறாயாமே! அதைப் பாலு சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? இதற்கு உன்னைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். இப்போதைக்கு முன்பணம் அனுப்புவதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வை. இன்னொரு போடி ஏலக்காய்க் கதை நமக்கு வேண்டாம்.

விலை சொன்னவர் 'ப்ளூ மவுண்டன் பிளெண்ட்', அதாவது கலவை, என்றாராம். அதில் ஜமைக்காக் கொட்டை நூற்றுக்கு எத்தனை பங்கு, மீதி எந்த நாட்டுச் சரக்கு என்று எழுத்தில் வாங்கு. 'ப்ளூ மவுண்டன் ரகம்' என்று சொன்னாலும் மயங்காதே. ஜமைக்காவில் விளைவது பெரும்பாலும் டிபிகா என்ற பழைய அரபிகா ரகம். அதன் விதை வேறு நாடுகளுக்கும் போய் அங்கும் ப்ளூ மவுண்டன் என்ற பெயரிலேயே விளைகிறது. சட்டப்படி அந்தப் பெயர் செயின்ட் ஆண்ட்ரூ, செயின்ட் தாமஸ், போர்ட்லண்ட், செயின்ட் மேரி ஆகிய நான்கு பாரிஷ்களில் (நம் மாவட்டம் மாதிரி) எல்லை வகுத்த மலைப்பகுதிக்கு மட்டுமே சொந்தம். உயரம் ஏறக்குறைய 3,000 முதல் 5,500 அடி. அதற்குக் கீழே விளைவதை வேறு பெயரில்தான் விற்க வேண்டும். மேலே காடு.

வறுத்ததை வாங்காதே, பச்சைக்கொட்டையாகவே கேள். உலகமெல்லாம் காபி சாக்கில் வர, இது மட்டும் மரப் பீப்பாயில் வரும். முழுப் பீப்பாய் 70 கிலோ, சின்னது 30, 15 கிலோவிலும் உண்டு. உனக்கு 15 போதும். முதல் தரம் என்றால் 17, 18 எண் சல்லடையில் நிற்கும் கொட்டை. 17-ம் எண் சல்லடையின் துளை 6.75 மில்லிமீட்டர். மாதிரி வந்ததும் நீயே சலித்துப் பார்க்கலாம். எந்த அறுவடை ஆண்டு, ஈரப்பதம் எவ்வளவு என்றும் கேள். 11, 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வழியிலேயே பூஞ்சை பிடிக்கும். ஏற்றுமதிக்கு முன் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் மாதிரி எடுத்து, சுவைத்துப் பார்த்துத்தான் சான்று கொடுக்கும். அந்தச் சான்றின் நகல் இல்லாமல் பேச்சே வேண்டாம்.

சரக்கைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குக் கவலை அந்த மலையைப் பற்றி.

அங்கே காபி பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். சரிவு மிகச் செங்குத்து என்பதால் இயந்திரம் போகாது, பழுத்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். ஒரே செடிக்குப் பல தடவை திரும்பி வர வேண்டும். பழத்தைப் பெட்டிக் கணக்கில்தான் விற்பார்கள். ஒரு பெட்டி 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. அதிலிருந்து தேறும் பச்சைக்கொட்டை ஐந்து கிலோகூட வராது. ஒரு முழுப் பீப்பாய்க்குப் பதினைந்து பெட்டியாவது வேண்டும், சேது! வறுத்தால் இன்னும் பதினைந்து சதவீதம் எடை போய்விடும். உன்னிடம் சொன்ன விலையை இந்தக் கணக்கில் வைத்துப் பார். பெட்டி விலை விழுந்த வருடங்களில் அவர்கள் உரம் வைப்பதை விட்டார்கள், கவாத்தை விட்டார்கள், சிலர் தோட்டத்தையே விட்டார்கள். சரக்கில் பெரும்பங்கை ஜப்பான்தான் வாங்குகிறது. அங்கே தேவை குறைந்தால் அடுத்த அறுவடையிலேயே இந்த மலைக்கு வலிக்கிறது.

பறித்த அன்றே பழம் பல்பருக்கு, அதாவது தோல் உரிக்கும் இயந்திரத்துக்கு, போக வேண்டும். முதலில் தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குவார்கள். தோல் உரித்தபின் வழவழப்பு நீங்கும்வரை புளிக்க வைப்பார்கள். மலைக் குளிரைப் பொறுத்து 12 மணி நேரமோ ஒரு நாளோ ஆகும். நேரம் மிஞ்சினால் காடி வாடை ஏறிவிடும், பிறகு எந்த வறுவலும் அதைப் போக்காது. கழுவியதைச் சிமெண்ட் களத்தில் காயப்போட்டு மணிக்கணக்கில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் களத்தை அங்கே பார்பிக்யூ என்கிறார்கள். மூடுபனியோ மழையோ வந்தால் உடனே குவித்து மூடாவிட்டால் பூசண வாடை. ஓட்டோடு காய்ந்த கொட்டையை, அதைப் பார்ச்மென்ட் என்பார்கள், சில வாரங்கள் அப்படியே ஆறப்போட்ட பிறகுதான் ஓடு நீக்கிக் கையால் பொறுக்குவார்கள்.

அந்தக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பழத்தின் எடையில் நாற்பது சதவீதம் அளவுக்குத் தோலும் சதையும். அதையும் புளித்த நீரையும் ஓடையில் விட்டால், அழுகும்போது ஆற்றின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். தலைநகர் கிங்ஸ்டன் குடிக்கும் நீரில் ஒரு பெரும்பங்கு இந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது. யாலாஸ் ஆற்றின் தண்ணீர் குழாய்வழியே மோனா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. தோலை மக்கவைத்துச் செடிக்கே திருப்பிப் போடுவதும், கழிவுநீரைக் குழிகளில் தேக்கித் தெளியவிடுவதும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அதற்குக் கூலி வேண்டும், அந்தக் கூலி கொட்டையின் விலையில் இருக்க வேண்டும்.

மண்ணும் அப்படித்தான். மண்வெட்டியால் களையைச் சுரண்டி எடுத்தால் அடுத்த பெருமழையில் மேல்மண் ஓடிவிடும். களையின் வேர் மண்ணிலேயே இருக்க, கத்தியால் மேலே மட்டும் வெட்ட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேர் வரிசை, நடுநடுவே வாழையும் நிழலுக்கு இங்கா மரமும் இருக்க வேண்டும். மரம் இருந்தால் பறவையும் வரும். காய்த்துளைப்பான் ஒன்றரை மில்லிமீட்டர் வண்டு, 1978-ல் ஜமைக்காவுக்கு வந்தது. காயின் நுனியில் துளைபோட்டு உள்ளே முட்டையிடும். வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் கதிர்க்குருவிகள் அந்த வண்டைத் தின்கின்றன. கிளைகளை வலையால் மூடிப் பறவையைத் தடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, 2010-ல், இந்தச் சேவையின் மதிப்பை ஹெக்டேருக்கு 310 டாலர் என்று கணக்கிட்டது. இத்துடன் அறுவடை முடிந்தபின் செடியிலும் தரையிலும் ஒரு காய்கூட விடாமல் பொறுக்கினால் வண்டுக்கு அடுத்த பருவம்வரை இருக்க இடமில்லை. மருந்துக்கு முன் செய்ய வேண்டியது இது.

இலைத்துருவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் காபியை ஒழித்துத் தேயிலையைக் கொண்டுவந்த அதே பூஞ்சை, 1986-ல் ஜமைக்காவையும் பிடித்தது. டிபிகாவுக்கு எதிர்ப்பே கிடையாது. இரண்டு வருடம் கழித்து கில்பர்ட் புயல். சாய்ந்த இடத்தில் புதிதாக நட்டால் காய்க்க மூன்று நான்கு வருடம். அதுவரை அந்தக் குடும்பம் எதை விற்கும்?

அதனால் உன் வியாபாரியிடம் இன்னும் மூன்றே கேள்வி கேள். பழம் எந்த ஆலையில் உரித்தது, பெட்டிக்கு விவசாயிக்கு எவ்வளவு கொடுத்தார்கள், கழுவிய நீரை என்ன செய்கிறார்கள். நேராகப் பதில் சொல்பவரிடம் கொஞ்சம் கூட விலை கொடுத்தாலும் வாங்கு. மழுப்பினால் விட்டுவிடு. நம் சேர்வராயன் மலைக் கொட்டையே நன்றாகத்தான் இருக்கிறது.

வாங்கிவிட்டால், உன் கையைக் கட்டிப்போடத்தான் வேண்டும். சிக்கரி வேண்டாம், பால் வேண்டாம். வறுக்கும்போது கொட்டை முதலில் படபடவென வெடிக்குமே, அந்த முதல் வெடிப்பு முடிந்து சற்று நேரத்தில் இறக்கிவிடு. எண்ணெய் மினுக்கும்வரை வறுத்தால் நீ கொடுத்த பணமெல்லாம் புகை. 15 கிராம் தூளுக்கு 250 மில்லி தண்ணீர், கொதி அடங்கி 93 டிகிரி அளவில் ஊற்று. கசப்பு மிகக் குறைவாக, லேசான புளிப்போடு, கொட்டைப் பருப்பு மணமாக வரும். உன் டபரா செட் ஆசாமிகள் 'தண்ணியா இருக்கே' என்பார்கள். அவர்களுக்கு வழக்கமானதையே கொடு.

சான்றின் நகல் வந்ததும் படம் எடுத்து அனுப்பு. மாதிரியில் 200 கிராம் எனக்கும் எடுத்து வை. பாலுவிடம் கொடுத்துவிடாதே, அவன் வழியிலேயே தீர்த்துவிடுவான்.

அன்புடன்,
ரகு