ஸ்கைரிமின் டேட்டா போல்டரைச் சுத்தமாக விடுங்கள்: கொழும்பு கேம் சென்டர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் கேம் சென்டர் நடத்தும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். 2011 நவம்பரில் வெளியான ஸ்கைரிம் என்ற கணினி கேமைத் தேடி இன்றைக்கும் பொடியன்கள் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு மொட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்த கோப்புகள்) போட்ட ஸ்கைரிம்தான் வேண்டும். நீங்களும் மறுக்காமல் போட்டுக் கொடுக்கிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் போடுகிற முறை மாற வேண்டும். பென் டிரைவில் வந்த ஜிப்பை விரித்து, உள்ளே கிடப்பதை அப்படியே கேமின் டேட்டா போல்டருக்குள் கொட்டுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இதைக் கைவிட்டு, மொட்களை நிர்வகிக்கும் மென்பொருளான மொட் மனேஜருக்கு மாறுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம்.

இரண்டு மொட்களில் ஒரே பெயரில் ஒரே இடத்துக்குரிய கோப்பு இருந்தால், பிறகு கொட்டியது முன்னதை அழித்துவிடும். பின்னதை நீக்கினாலும் முன்னது திரும்பி வராது. எந்தக் கோப்பு எந்த மொட்டுடையது என்று ஒரு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. கேமை வாங்கி இறக்கும் ஸ்டீமில் கோப்புகளை வெரிஃபை செய்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது கேமின் சொந்தக் கோப்புகளை மட்டுமே மீட்கும். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவற்றை அழிக்காது. ஆகவே ஏற்கெனவே குழம்பிப்போன மெஷினில் கேமை நீக்கி, மிஞ்சிய போல்டரையும் கையால் அழித்து, புதிதாகப் போடுவதே வழி.

கேமின் புதுப்பித்த பதிப்பான ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கு இன்று பெரும்பாலோர் பாவிப்பவை வோர்டெக்ஸ், மொட் ஓகனைசர் 2 என்ற இரண்டு மனேஜர்கள். இரண்டும் இலவசம். வோர்டெக்ஸ் மொட்களைத் தன் ஸ்டேஜிங் போல்டரில் வைத்துக்கொண்டு, டேட்டா போல்டருக்குள் ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போடும். அதனால் அதன் ஸ்டேஜிங் போல்டரும் கேமும் ஒரே டிரைவில், அதுவும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் விளையாடும் மெஷினுக்கு அது போதும். பலர் மாறி மாறி உட்காரும் சென்டருக்கு மொட் ஓகனைசர்தான் பொருந்தும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அது ஒவ்வொரு மொட்டையும் தனித்தனி போல்டரில் வைக்கும். கேம் ஓடும்போது மட்டும் எல்லாம் டேட்டாவுக்குள் இருப்பதுபோல கேமுக்குக் காட்டும். மூடியதும் டேட்டா போல்டர் பழையபடி சுத்தமாக இருக்கும். அதைவிட முக்கியம், ஆளுக்கொரு புரொஃபைல் வைக்கலாம். கேம் ஒன்றே, மொட் பட்டியல், வரிசை, ஐஎன்ஐ அமைப்பு (கேமின் செட்டிங்குகள்), சேவ் எல்லாம் அவரவருக்குத் தனி.

தொடங்கும் முறை இது. கேமை சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாதீர்கள். வின்டோஸ் அங்கே எழுத விடாமல் தடுக்கும். டி டிரைவில் ஸ்டீம் லைப்ரரி ஒன்றை உருவாக்கி அங்கே போடுங்கள். மனேஜர் போடும் முன் கேமை ஒருமுறை அதன் சொந்த லோஞ்சரால் திறந்து மூடுங்கள். அப்போதுதான் ஐஎன்ஐ கோப்புகள் உருவாகும். பிறகு மொட் ஓகனைசரை, கேம் போல்டருக்கு வெளியே, தனி போல்டரில் போர்ட்டபிள் இன்ஸ்டன்ஸாக (எல்லாம் அந்த ஒரே போல்டருக்குள் அடங்கும் வகை) நிறுவுங்கள். டவுன்லோட் செய்த மொட்களின் மூலக் கோப்புகள் அதற்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த மெஷினுக்கு அவற்றை எடுத்துச் செல்லலாம். இணைய டேட்டாவை இரண்டாம் முறை செலவழிக்கத் தேவையில்லை.

அடுத்தது எஸ்கேஎஸ்இ, அதாவது கேமின் ஸ்கிரிப்ட் வசதியை விரிவாக்கும் ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர். அதிகம் சறுக்குவது இங்கேதான். இது கேமின் பதிப்பு எண்ணோடு சரியாகப் பொருந்த வேண்டும். கேம் 1.5.97 என்றால் எஸ்கேஎஸ்இ 2.0.20; கேம் 1.6.1170 என்றால் எஸ்கேஎஸ்இ 2.2.6. ஸ்டீம், ஜிஓஜி கடைகளில் வாங்கிய பிரதிகளுக்கு மட்டுமே எஸ்கேஎஸ்இ உண்டு. எபிக் பிரதிக்குக் கிடையாது. எஸ்கேஎஸ்இயின் லோடரையும் டிஎல்எல் கோப்பையும் கேமின் எக்ஸி கிடக்கும் போல்டரில் வையுங்கள். ஸ்கிரிப்ட் கோப்புகளை ஒரு மொட்டாக மனேஜருக்குள் போடுங்கள். ஸ்டீமில் கேமின் புரொப்பர்ட்டீஸ் போய், அப்டேட்டை ‘கேமைத் தொடங்கும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள். அதன்பின் எப்போதும் மொட் ஓகனைசரைத் திறந்து, வலப்பக்கப் பட்டியலில் எஸ்கேஎஸ்இயைத் தேர்ந்து, ரன் அழுத்தியே தொடங்குங்கள். டெஸ்க்டொப்பில் கிடக்கும் ஸ்டீம் ஐகனை அழுத்தினால் ஒரு மொட்டும் வராது. கேமுக்குள் கொன்சோலை (கட்டளை அடிக்கும் திரை) திறந்து ‘கெட் எஸ்கேஎஸ்இ வேர்ஷன்’ (getskseversion) கட்டளையை இடைவெளியில்லாமல் அடித்தால் எண் காட்டும். காட்டாவிட்டால் அது ஓடவில்லை என்று அர்த்தம்.

மனேஜரில் இரண்டு பக்கங்கள் உண்டு, இரண்டையும் குழப்பாதீர்கள். இடப்பக்கம் கோப்புகளின் முன்னுரிமை: இரண்டு மொட்கள் மோதினால் கீழே இருப்பது வெல்லும், மின்னல் குறி மோதலைக் காட்டும். வலப்பக்கம் பிளகின் வரிசை, அதாவது மொட்களின் பிளகின் கோப்புகளை கேம் ஏற்றும் வரிசை. சோர்ட் பட்டன் லூட் என்ற அடுக்கும் கருவியை ஓட்டி வலப்பக்கத்தை மட்டுமே அடுக்கும். இடப்பக்கத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கேம் லோகோ வந்தவுடன் வெளியே விழுந்தால் (தானாக மூடிக்கொண்டால்), முதலில் பிளகினுக்குப் பக்கத்தில் எச்சரிக்கை முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த மொட்டுக்குத் தேவையான இன்னொரு மொட் இல்லாததே காரணம். வழமையான பிளகின்கள் 254 வரைதான். லைட் என்று குறித்த சிறிய பிளகின்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சேவ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் சி டிரைவ் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருளைப் பல சென்டர்கள் பாவிக்கின்றன. ஸ்கைரிம் வழமையாக சேவை வைப்பது டொக்கியுமென்ட்ஸில். அது சி டிரைவில். “அண்ணா, என்ட சேவ் காணல்ல” என்று மறுநாள் பொடியன் வந்து நிற்பது இதனால்தான். மொட் ஓகனைசரை டி டிரைவில் வைத்து, புரொஃபைலில் அவரவர் சேவைத் தனியாக வைக்கும் தெரிவுக்கு டிக் போட்டால் சேவ் அந்த புரொஃபைலுக்குள்ளேயே எழுதப்படும். சேவைப் பென் டிரைவில் கேட்டால் அதன் ஈஎஸ்எஸ் கோப்போடு அதே பெயருள்ள எஸ்கேஎஸ்இ கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். மொட்கள் சிலவற்றின் தகவல் அதில்தான் இருக்கிறது. பாதி விளையாடிய சேவில் ஸ்கிரிப்ட் உள்ள மொட்டை நீக்கவே வேண்டாம். அந்த சேவ் மெல்ல மெல்லக் கெடும். கெட்டது தெரியும்போது திரும்பிப் போக நல்ல சேவ் இருக்காது.

டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்) விஷயத்தில் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். பிசி7 முறையில் சுருக்கிய ஒரு 4கே டெக்ஸ்சர், மிப்மாப்களோடு (அதன் சிறிய நகல்களோடு) ஏறத்தாழ 21 எம்பி. 2கே ஏறத்தாழ 5 எம்பி. 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் எல்லாவற்றுக்கும் 4கே போட்டால் திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் திக்கும். 2கே போதும்.

மொட் தொகுப்பை விலைக்கு விற்காதீர்கள். நீங்கள் செலவழிக்கும் நேரத்துக்குக் கூலி வாங்குவது நியாயம். ஆனால் பல மொட்களின் பக்கத்தில், வேறெங்கும் பகிரக் கூடாது என்று அதைச் செய்தவர் எழுதி வைத்திருக்கிறார். இலவசமாகக் கொடுத்தவரின் அந்த ஒரு வேண்டுகோளை மதிக்க வேண்டும்.

முதலில் ஒரே ஒரு மெஷினில் செய்து பாருங்கள். எஸ்கேஎஸ்இ, அட்ரஸ் லைப்ரரி (எஸ்கேஎஸ்இயைப் பாவிக்கும் பல மொட்களுக்குத் தேவையான மொட்), ஸ்கை யூஐ (மெனுக்களை மாற்றும் மொட்) மூன்றையும் மட்டும் போட்டு அரை மணித்தியாலம் விளையாடிப் பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு மொட்டாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பின் கேமைத் திறந்து பாருங்கள். கடைசியாக, மொட் எதுவும் டிக் போடாத புரொஃபைல் ஒன்றை ‘வெறும் கேம்’ என்று பெயரிட்டு வையுங்கள். யாராவது குறை சொல்லி வந்தால் முதலில் அதில் ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் குறை அவருடைய மொட் பட்டியலில். அதிலும் விழுந்தால் கேமை அல்லது மெஷினைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
கொழும்பில் ஸ்கைரிமுக்கு மொட் போடுவோர் சிலர்