சி.எச்.டி.8 என்ற விடைவரை எங்களுடன் வந்தவர்களுக்கு

மதிப்பிற்குரியோரே,

எங்கள் மகனின் மரபணுப் பரிசோதனை முடிவில் சி.எச்.டி.8 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டு ஓராண்டாகிறது. அந்த விடை கிடைக்கத் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன்.

மிகுதியான தலைச்சுற்றளவு, தீராத மலச்சிக்கல், தூக்கமின்மை என்று தனித்தனி மருத்துவர்களிடம் நாங்கள் கொண்டு அலைந்த குறைகளை ஒரே தாளில் எழுதிப் பார்த்து, ஆட்டிசத்தோடு சேர்த்து இவை அனைத்துக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்று ஐயுற்ற குழந்தை நரம்பியல் மருத்துவருக்கு முதல் நன்றி.

மரபணு ஆலோசகருக்கு நான் பட்ட கடன் பெரிது. ஹிஸ்டோன் புரதங்களின்மேல் டிஎன்ஏ சுற்றப்பட்டிருப்பதையும், அந்தச் சுற்றை நகர்த்தி மற்ற மரபணுக்கள் இயங்க வழிசெய்யும் புரதங்களுள் ஒன்று சி.எச்.டி.8-இலிருந்து உருவாவதையும் அவர் பொறுமையாக வரைந்து காட்டினார். 14-ஆம் குரோமோசோமில் உள்ள இம்மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே, கருவில் மூளை உருவாகும் காலத்தில் வேறு பல மரபணுக்களின் ஒழுங்கும் குலையக்கூடும் என்றார். எங்கள் இருவரின் இரத்தத்திலும் அம்மாற்றம் இல்லை. மகனிடம் அது புதிதாகத் தோன்றியிருந்தது. கர்ப்ப காலத்தில் என்ன தவறு செய்தேன் என்று ஆறு ஆண்டுகளாக என்னையே கேட்டுவந்த கேள்வியை அன்று அந்த அறையிலேயே விட்டுவந்தேன். இம்மாற்றம் உள்ளவர்களுள் பெரும்பாலோரிடம் ஆட்டிசம் காணப்பட்டாலும், ஆட்டிசம் உள்ளவர்களுள் மிகச் சிலரிடமே இம்மாற்றம் இருக்கிறது என்பதையும், நாளை என் மகனுக்குக் குழந்தை பிறந்தால் அக்குழந்தை இம்மாற்றத்தைப் பெறும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையே எனக்குத் தெம்பு தந்தது.

நேரில் நன்றி சொல்ல முடியாதவர்களும் இருக்கிறார்கள். 2014-இல் வெளியான ஆய்வொன்று, இம்மாற்றம் கொண்ட 15 பேரிடம் பெரிய தலையும் செரிமானத் தொல்லைகளும் திரும்பத் திரும்பக் காணப்படுவதைக் காட்டியது. வரிக்குதிரை மீன்களில் இதே மரபணுவின் செயல்பாட்டைக் குறைத்தபோதும் தலை பெரிதாகிக் குடலின் இயக்கம் குன்றியது. தங்கள் பிள்ளைகளின் இரத்தத்தை அவ்வாய்வுக்குக் கொடுத்த பெற்றோரே, என் மகனின் வயிற்றுவலி வெறும் பிடிவாதமன்று என்பதற்கு நீங்கள்தான் சான்றளித்தீர்கள். குடலுக்கு முறையான சிகிச்சை தொடங்கிய பிறகே பேச்சுப் பயிற்சியில் அவனால் அமர முடிந்தது; அதுவரை அவனுக்காகக் காத்திருந்த பயிற்சியாளருக்கும் என் நன்றி.

பெயர் நீக்கப்பட்ட அவனது விவரங்களை நாங்களும் ஆய்வாளர்களிடம் ஒப்படைத்துவிட்டோம்.

நன்றியுடன்,
ஒரு தாய்