இடம் குறிக்கும் முன் 200 வாளி: ஊர்க் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டித் தலைவர் ஐயாவுக்கும், அண்ணன்மார், சித்தப்பாமார் எல்லோருக்கும் வணக்கம்.

கோயில் பக்கத்தில் பொதுப் பணத்தில் போர் போட, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கும் பெரியவரை அழைத்திருக்கிறீர்கள். அவரைச் சோதித்துப் பார்த்த பிறகு இடம் குறிக்கச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. எங்கள் கொல்லையில் அவர் நடந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் முருங்கை மரத்தடியில் மெல்ல நிமிர்ந்தது. அவருக்குக் கை நடுங்கியது, நெற்றி வேர்த்தது. அறுபது அடியில் தண்ணீரும் வந்தது, வாயில் வைக்க முடியாத உப்பு. இன்றுவரை அதில் சோப்பு நுரைக்காது. பக்கத்து வீட்டில் அவர் காட்டிய இடத்தில் பதினைந்து அடியிலேயே நல்ல தண்ணீர். ஊர் பேசுவது அந்த வீட்டைப் பற்றி மட்டும்தான்.

நம் ராமநாதபுரம் கரை மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும், அது லேசு என்பதால். நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை இருக்கும் என்பது கணக்கு. தனுஷ்கோடியில் கையால் ஊற்றுத் தோண்டியே குடிக்கிறார்களே! அப்படியிருக்க, நல்ல தண்ணீர் தேங்காயால் வந்ததா, மணலால் வந்ததா?

அவரே அடக்கமாகத்தான் சொல்கிறார்: "பத்துக்கு ஆறு சரியா வரும்மா." சிக்கலே அதில்தான். பத்துக்குப் பத்து என்றால் பத்து வாளியில் சோதனை முடிந்துவிடும். ஆனால் காசைச் சுண்டிப் பதில் சொல்கிறவருக்குக்கூட, பத்துக்கு ஆறோ அதற்கு மேலோ நூற்றில் 38 தடவை வந்துவிடும். அதனால்தான் 200 கேட்கிறேன்.

மூடி போட்ட 10 வாளி, 20 சுற்று. ஒவ்வொரு வாளிக்கும் காசு சுண்ட வேண்டும்: தலை விழுந்தால் தண்ணீர், பூ விழுந்தால் வெறும் வாளி. நிரப்புகிறவர் விலகிப் போய்விட வேண்டும். கூட நிற்கிறவருக்கும் எதில் தண்ணீர் என்று தெரியக் கூடாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். முதலில் மூடியைத் திறந்து வைத்து நடக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்கு மேல் தேங்காய் நிமிர்கிறது என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மூட வேண்டும். 200-இல் 113-ஓ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் ஜெயித்தார். வெறும் அதிர்ஷ்டத்தில் அதை எட்ட நூற்றில் நாலு வாய்ப்புக்கூட இல்லை. நிஜமாகவே பத்துக்கு ஆறு சொல்லக்கூடியவர் என்றால் நூற்றில் 85 தடவையாவது அதை எட்டிவிடுவார். இந்த 113-ஐ முதலிலேயே எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். பாதியில் நிறுத்தக் கூடாது.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-இல் அற்புத சக்தியைச் சோதனையில் காட்டுபவருக்கு லட்ச ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை அதை யாரும் வாங்கவில்லை. நம் பெரியவர் சொல்வது அவ்வளவு பெரிய சக்தி இல்லை. சின்ன சக்திக்கு நிறைய வாளி வேண்டும், அவ்வளவுதான்.

வாளிகளுக்கு நான் பொறுப்பு. ஜெயித்தாலும் தோற்றாலும் அவருடைய அன்றைய கூலியையும் நானே தருகிறேன். தோற்றுவிட்டால், ஆழ போர் வேண்டாம். கிழக்கே மணல்மேட்டில் ஆழமில்லாத உறைக்கிணறு ஒன்று வெட்டிப் பார்ப்போம்.

இப்படிக்கு,
கடற்கரைத் தெருவிலிருந்து உங்கள் ஊர்ப் பெண்