பொது வைஃபையில் மடிக்கணினி: உறுப்பினர் கவனத்திற்கு

குழு உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்திலும் டர்பன் கடற்கரை உணவகங்களிலும் அமர்ந்து மடிக்கணினியில் சங்கக் கணக்குகளைப் பார்ப்பவர்கள், கடவுச்சொல் கேட்காத வைஃபை, காற்றுவழிச் செல்லும் தரவைப் பெரும்பாலும் தானாக மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்வதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். கடையின் பெயரையே சூட்டி, பக்கத்து மேசைக்காரர் தம் கைப்பேசியிலிருந்து ஒரு போலி இணைப்பை உருவாக்கிவிட முடியும் என்பதால், சரியான பெயரைப் பணியாளரிடம் கேட்டறிந்த பின்னரே இணையுங்கள். விண்டோஸில் அந்த இணைப்பைப் ‘பொது’ வகையிலேயே வையுங்கள். கோப்புப் பகிர்வு அணைந்திருக்கட்டும். உலாவியில் சான்றிதழ் எச்சரிக்கை (தளம் உண்மையானதுதானா என உறுதிசெய்ய முடியவில்லை என்ற அறிவிப்பு) தோன்றினால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் பக்கத்தை மூடிவிடுங்கள். வங்கி வேலைக்குக் கைப்பேசி டேட்டாவே மேல், சில ரேண்ட் கூடுதலாகச் செலவானாலும். வீட்டு ரௌட்டரில், 2001இலேயே உடைக்கப்பட்ட டபிள்யூஇபி (WEP) என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறை இன்னும் இருந்தால், டபிள்யூபிஏ2 (WPA2) அல்லது 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 (WPA3) முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

– குழு நிர்வாகி