என் மாத்திரை என் கைக்கு வர உதவிய எல்லாருக்கும்

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவள். பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள், அதனால் பெயர் போடவில்லை. ஆனால் நன்றியைச் சொல்லாமல் வைத்திருக்கவும் மனசு கேட்கவில்லை.

எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கிற ஏ.ஆர்.டி. மருந்து அரசாங்கத்தில் இலவசம், 2004 ஏப்ரலில் இருந்தே. சரி, ஆனால் லயன் வீட்டில் இருந்து கிளம்பி அதை வாங்கி வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்துவிட்டால் பாதி வழியில் திரும்பி வந்து மறுபடியும் லீவு கேட்டு நிற்கணும். மருந்தை நிறுத்துகிறவர்களுக்குப் பொறுப்பில்லை என்று சுலபமாகப் பேசிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து நிறுத்தினவர்கள் இந்தக் கூலியை நினைத்தும், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தும்தான் நிறுத்தினார்கள். நான் நிறுத்தாமல் இருக்கிறேன் என்றால் அது உங்களால்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்து அக்கா, விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் இந்த மாத்திரை கேட்காது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது நீங்கள்தான். போன் பண்ணினால் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பீர்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் சோறு சாப்பிட்டதைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மேஸ்திரி அண்ணா, ஆஸ்பத்திரி நாளில் எதற்கு லீவு என்று ஒரு தடவைகூடக் கேட்காததற்கு நன்றி.

பக்கத்து வீட்டு அத்தை, சொந்தக்காரர்கள் வந்து தங்கும்போதெல்லாம் என் மாத்திரை டப்பாவை உங்கள் ராகி மாவு டின்னுக்குள் வைத்துக்கொண்டு, ராத்திரி எட்டு மணியானதும் "கொஞ்சம் உப்பு வாங்கிட்டுப் போம்மா" என்று சத்தமாகக் கூப்பிடுவீர்களே, அதை எந்த டாக்டர் எழுதிக் கொடுத்திருக்க முடியும்? உங்கள் அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, கையில் நிஜமாகவே உப்போடு வீட்டுக்கு வருவேன்.

2020 ஊரடங்கில் பஸ்ஸே ஓடாதபோது மருந்தை வண்டியில் கொண்டுவந்து செக்போஸ்ட் பக்கம் கொடுத்துவிட்டுப் போன தம்பி, பெட்ரோல் காசு வாங்க மறுத்துவிட்டாய். அந்தக் கடன் இன்னும் இருக்கிறது.

நான் பார்த்தே இராதவர்களுக்கும் சொல்லணும். வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 2001-இல் நம் நாட்டு மருந்துக் கம்பெனி சிப்லா நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்றது. ஆப்பிரிக்காவில் என்னைப் போன்றவர்களுக்கும் அப்படித்தான் மருந்து எட்டியது. டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை வேறு யாரும் மலிவாகச் செய்ய முடியாதபடி ஒரு கம்பெனி காப்புரிமை கேட்டபோது எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் அமைப்பே எதிர்த்து மனுப் போட்டது, 2009-இல் அந்த விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. நான் தினமும் விழுங்கும் ஒரே மாத்திரையில் அந்த டெனோஃபோவிரும் இருக்கிறது. நோயோடு இருந்துகொண்டே எனக்காகவும் வழக்காடியிருக்கிறீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

போன தடவை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்த்ததில் கிருமி கண்டறியும் அளவுக்குக் கீழே இருக்கிறது. இந்த நிலையிலேயே இருந்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்று டாக்டரம்மா சொன்னார்கள்.

மருந்தை விட்டுவிட்டு மறுபடி போகத் தயங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. கோத்தகிரிப் பக்கம் என்றால் நம்பிக்கை மையத்து அக்காவிடம் சொல்லுங்கள், துணைக்கு நான் பஸ் ஏறி வருகிறேன்.