குளத்தில் கிளம்பும் குமிழிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லை நயினார்குளத்தில் கழிவுநீர் கலக்கும் ஓரத்தில் சற்று நின்று பாருங்கள். ஆகாயத்தாமரை இடுக்குகளில் குமிழிகள் கிளம்பிக்கொண்டிருக்கும். மீன் என்று மகிழ வேண்டாம், பெரும்பாலும் மீத்தேன். சாக்கடையின் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியைக் கொழுக்க வைக்கின்றன. அது மடிந்து, அடிச்சேற்றில் ஆக்சிஜன் இன்றி அழுகும்போது இந்த வாயு உண்டாகிறது. ஆழமான ஏரி என்றால் மேலே வருமுன் நுண்ணுயிர்கள் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மேடுதட்டிப்போன நம் குளங்களில் அதற்கு ஏது நேரம்? நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. கரையில் வண்ண விளக்கு போடுவதில் காட்டும் சுறுசுறுப்பைக் கழிவுநீர்க் குழாயைத் திருப்புவதிலும் காட்டலாம். கோடையில் வண்டலைச் சோதித்துவிட்டு வயலுக்கு அள்ளவிட்டால் விவசாயிக்கு உரச்செலவும் குறையும்.

– வாசகர், பேட்டை, திருநெல்வேலி